வீங்கிப்போன டேப்

"அத மடியில வைக்காதண்ணே, வெடிச்சாலும் வெடிக்கும்."

காரைக்காலில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டில் கேட்டது. அண்ணன் மடியில் இருந்த டேப்லெட்டின் கண்ணாடித் திரை, பேட்டரி வீங்கியதால் ஒரு பக்கம் எழும்பி நின்றது. கிளிஞ்சல்மேட்டில் ஒரே போட்டில் மீன்பிடிக்கப் போகும் அண்ணன் தம்பி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தண்ணி படக்கூடாதுன்னு பாலித்தீன்ல சுத்தி, வெயில்லயே சார்ஜ் போட்டு வச்சிருந்த. வீங்காம என்ன பண்ணும்?"

"வாங்கி ரெண்டு வருசம் ஆவல. நம்ம இன்ஜின் எத்தன வருசமா உப்புத்தண்ணியில கெடக்கு? நட்டக் கழட்டி மாட்டி ஓட்டுறோம். இதுல பேட்டரிய பசை போட்டு ஒட்டியிருக்கானுவ. கழட்டுனா மொத்தமும் போயிருமாம்."

"மீன் கெடைக்கிற எடமெல்லாம் அதுலதானே குறிச்சு வச்சிருக்க. ஒரு மெமரி கார்டுல ஏத்தி வச்சிருக்கலாம்ல?"

"மெலிசா இருக்கணும்னு கார்டு போடவே எடம் வைக்கல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொன்னா நீ தனியா போட் வாங்கிட்டுப் போயிருவ."

தம்பி அந்த டேப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போட் வாங்கிட்டேண்ணே. அதச் சொல்லத்தான் இன்னக்கி உங்கூட வந்தேன்."