அதே மரங்கள்

ஈப்போ பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். இளையவள் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்கு அதே மரங்களத் திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா.”

“எந்த மரம்?”

“சம்சு சாராயம் குடிச்சிட்டு, கை நடுங்கி, ஆழமா சீவிக் காயப்படுத்துனாரே, அந்த ரப்பர் மரங்கதான். கத்தியப் புடுங்கிட்டு புல்லு வெட்ட அனுப்புனாங்களே.”

“அது ஆச்சே பத்து வருசம்!”

“அன்னிலேருந்து அவரு ஒரு சொட்டுத் தொடலக்கா. நேத்து போய்ப் பாத்தேன். பழைய காயமெல்லாம் முடிச்சு முடிச்சா அப்படியே இருக்கு. சுத்தி புதுப் பட்டை. அதுல கோடு போட்டாப்புல சீவுறாரு, பால் நேரா எறங்குது.”

மூத்தவள் முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் கத்தி வைக்கிறாரு. கடைசி ஆளாத்தான் பால் கொண்டாராரு. வேல வாங்குற மண்டோரு ஏசுறதே இல்லலா.”