வெள்ளிக்கிழமை ஓடர்

கிருஷாந்: …கேக்குதோ? கீர்த்திகா, கேக்குதோ?

கீர்த்திகா: கத்தாதையும். யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலை இருக்கிற எனக்கு உம்மடை சத்தம் போனில்லாமலே கேக்குது.

கிருஷாந்: சேர்வர் உயிரோடை இருக்கோ?

கீர்த்திகா: என்ரை மேசையிலை, என்ரை காத்தாடியையும் தனக்கெண்டு பிடிச்சு வைச்சுக்கொண்டு சொகுசா இருக்கு. நான்தான் வேர்த்து ஊத்திக்கொண்டு இருக்கிறன்.

கிருஷாந்: அப்ப ஏன் ஒரு ஓடரும் வரேல்லை? முதல் நாளே இப்பிடியெண்டால்… வல்வெட்டித்துறைக் கரைக்கு வந்த மீன் முழுக்க, விக்கிறதுக்கெண்டு நாங்கள் செய்த அப்பிலை படத்தோடை போட்டாச்சு. சீலா, விளை, ஓரா…

கீர்த்திகா: பாத்தன். சீலா மீன் படத்திலை உம்மடை செருப்பும் விழுந்திருக்கு.

கிருஷாந்: பகிடி விடாதையும்! ஏரம்பு அண்ணை பக்கத்திலை நிக்கிறார். எங்களை நம்பி மீன் தந்த ஒரேயொரு வள்ளக்காரச் சம்மாட்டி அவர்தான்.

கீர்த்திகா: என்னவாம்?

கிருஷாந்: லொறி வாறதுக்குள்ளை ஒரு ஓடராவது வரவேணுமாம். வராட்டில் எல்லாத்தையும் லொறிக்காரனுக்கே ஏலம் கூறி வித்துப்போட்டு… இனி உந்த விளையாட்டோடை கரைப்பக்கம் வரக்கூடாதாம்.

கீர்த்திகா: ஐயோ… ஒரு வருச வேலையெல்லே!

கிருஷாந்: அதுதான்! எங்கையோ பிழை. நான் போடுற மீன் உம்மடை சேர்வருக்கு வருது தானே?

கீர்த்திகா: வருது.

கிருஷாந்: அங்கையிருந்து சனத்தின்ரை போனுகளுக்கு?

கீர்த்திகா: போகுது. கனபேர் திறந்து பாத்திருக்கினம். பாத்திட்டு மூடிப்போட்டினம்.

கிருஷாந்: அப்ப ஓடர் வாங்கிற சேவைதான் விழுந்திருக்கு. நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடும்.

கீர்த்திகா: போட்டிட்டன். வீடுகளுக்கு மீன் கொண்டுபோற வான்காரருக்கு அறிவிக்கிற சேவையையும் போட்டன். எல்லாம் பச்சை லைற். …கிருஷாந்.

கிருஷாந்: என்ன?

கீர்த்திகா: கீழ்வீட்டு அன்ரி சாம்பிராணி காட்டுறா. மேலை வரைக்கும் மணக்குது.

கிருஷாந்: இப்ப அதுக்கு என்ன?

கீர்த்திகா: இண்டைக்கு என்ன கிழமை?

கிருஷாந்: வெள்…

கீர்த்திகா: சொல்லும். முழுசாச் சொல்லும்.

கிருஷாந்: …ஐயோ!

கீர்த்திகா: வெள்ளிக்கிழமை! எந்தச் சைவ வீட்டிலை இண்டைக்கு மச்சம் காய்ச்சுவினம்? மீன்சட்டியைத் தூக்கி வெளியிலை வைச்சிருப்பினம்!

கிருஷாந்: அம்மாதான் பஞ்சாங்கம் பாத்து… இதைவிட நல்ல நாள் கிடையாது, துவங்கு எண்டவ…

கீர்த்திகா: என்ன துவங்கிறதெண்டு சொன்னனீர்?

கிருஷாந்: புதுத்தொழில் எண்டு. …மீனெண்டு சொல்லேல்லை.

கீர்த்திகா: ஐயோ கடவுளே… வயிறு நோகுது…

கிருஷாந்: சிரிக்காதையும்! லொறி சந்தியிலை திரும்புது, தெரியுது… பொறும், பொறும்! ஓடர்! மூண்டு கிலோ விளை! சாருஜா, பலாலி வீதி!

கீர்த்திகா: பாத்தீரே? உலகத்திலை நல்லதுகளும் இருக்கு.

கிருஷாந்: இன்னொண்டு! ரண்டு கிலோ சீலா. ஜெரோசன், திருநெல்வேலிச் சந்தையடி!

கீர்த்திகா: ஓமோ… ஜெரோசனோ… எந்தப் போனிலை இருந்து வந்ததெண்டு சேர்வருக்குத் தெரியும். நீர் எழுதின வேலைதான் அது. மறந்திட்டீரோ? ஜெரோசன் சந்தையடியிலை இல்லை. உம்மடை காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இருக்கிறார்!

கிருஷாந்: மெல்லக் கதையும், அண்ணைக்குக் கேக்கப்போகுது… அதுசரி, ஆர் உந்தச் சாருஜா? விலாசம் உம்மடை அறை மாதிரிக் கிடக்கு.

கீர்த்திகா: அவ… என்னோடை கூட இருக்கிற பிள்ளை.

கிருஷாந்: நீர் தனியவெல்லே இருக்கிறீர்?

கீர்த்திகா: சரி, நான்தான்! பிறந்ததிலை இருந்து மீனைத் தொடாத நான், உமக்காண்டி மூண்டு கிலோ கேட்டிருக்கிறன். போதுமோ? வாயை மூடும்!

கிருஷாந்: கீர்த்தி… உம்மை நான்… பொறும். திரும்பச் சத்தம் போடுது. பத்துக் கிலோ! குணலட்சுமியாம். இதுகும் நீரோ?

கீர்த்திகா: சத்தியமா இல்லை. நீர்?

கிருஷாந்: அம்மாவாணை இல்லை! உண்மையான ஓடர், கீர்த்தி! வெள்ளிக்கிழமையிலை! அண்ணை! ஏரம்பு அண்ணை! ஆரோ குணலட்சுமி அக்காவாம், பத்துக் கிலோ கேட்டிருக்கிறா! அவ நல்லா இருக்கவேணும்!

கீர்த்திகா: துள்ளாதையும், பொறும்… உதுகும் வல்வெட்டித்துறையிலை இருந்துதான் வந்திருக்கு. ஆனா உம்மடை போன் இல்லை…

ஏரம்பு: தம்பி, போனை இஞ்சை தா. …பிள்ளை, குணலட்சுமி என்ரை மனிசி. வள்ளத்துக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு அவளின்ரை பேரிலை ஓடர் தட்டினது நான். உவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலேல்லை. இண்டையான் மீன் லொறியோடை போகட்டும், நாளையான் மீன் முழுக்க உங்கடை மிசினுக்குத்தான்… ஆனா வான் வெளிக்கிட முந்தி அந்தப் பத்துக் கிலோவை அழிச்சுவிடு பிள்ளை, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு மீன் வந்துதெண்டால் மனிசி மீன்சட்டியோடை என்னையும் படலைக்கு வெளியிலைதான் விடுவாள்!