இரண்டாம் எண் பொத்தான்

உங்கள் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்துக்கு மூன்றே வரி விட்டிருக்கிறீர்கள், அம்மா. முப்பத்துநான்கு வருடம் பூகோளம் நடத்தியவனுக்கு மூன்று வரியில் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே பின்பக்கத்திலும், நீங்கள் கொடுத்த கூடுதல் தாள்களிலும் எழுதுகிறேன். முடிக்கும்வரை அந்த நாற்காலியில் உட்காருங்கள். அதற்கு ஒரு கால் குட்டை. வலப்பக்கமாகச் சாய்ந்தால் ஆடாது.

முதலில் கேள்வியை எழுதிவிடுகிறேன். பரீட்சையில் அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க எங்கள் தொலைக்காட்சியின் மேல் உங்கள் நிறுவனம் வைத்த அளவுப்பெட்டியின் பதிவுப்படி, தொடர்ந்து எட்டு வாரம், வியாழக்கிழமை மாலை ஏழிலிருந்து எட்டுவரை டி.வி. ஓடியிருக்கிறது. அறையில் ஒருவர்கூட இல்லை. பெட்டியில் கோளாறா, ஆளிடம் கோளாறா என்று கேட்கிறீர்கள். பெட்டி நன்றாக இருக்கிறது.

அந்த நேரத்தில் ஓடியது 'எட்டாவது பீரியட்' என்ற பள்ளிக்கூடத் தொடர். பதினான்கு வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை என்றுதானே நிறுத்தினார்கள். எனக்கு அந்தத் தொடரின் மேல் கொள்ளை ஆசை. இதைப் படிவத்தில் எந்த இடத்தில் எழுதுவதென்று தெரியவில்லை, இங்கேயே இருக்கட்டும்.

மற்ற தொடர்களில் பதினோராம் வகுப்பு மாணவனுக்கு முப்பது வயது இருக்கும். காலையில் சவரம் செய்த கன்னத்தோடு வந்து வாழ்க்கையைப் பற்றிப் பேசுவான். இதில் பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தார்கள். ஒருத்திக்கு முகப்பரு, அதை மறைக்கவில்லை. ஒரு பையன் ஒரே ரப்பரை நான்காக வெட்டி நான்கு சிநேகிதம் சம்பாதிப்பான். தொடக்கத்தில் பாட்டு கிடையாது. வருகைப்பதிவு எடுப்பார்கள், அவ்வளவுதான். எண்ணைக் கூப்பிடக் கூப்பிட 'உள்ளேன்', 'உள்ளேன்' என்று குரல் வரும். அந்த வாரக் கதை எந்தப் பிள்ளையைப் பற்றியதோ, அந்த எண்ணுக்கு மட்டும் பதில் வராது. அந்த இடத்தில் என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கேமராவைப் பெஞ்சு உயரத்திலேயே வைத்திருந்தார்கள். அதனால் வாத்தியார்களெல்லாம் ஆளுயரத்துக்கு மேல் தெரிந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. நிழல் தெரியும், வெளிச்சம் தெரியும். காது மட்டும் பூனைக்காது. தொடரை அவள் காதால்தான் பார்த்தாள்.

பெட்டியைப் பொருத்த வந்த உங்கள் ஆள் ஒரு கைக்கருவியைக் கொடுத்து விளக்கினார். ஒன்றாம் எண் பொத்தான் எனக்கு, இரண்டாம் எண் அவளுக்கு. டி.வி. முன்னால் உட்காரும்போது அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எழுந்து போகும்போது மறுபடி அமுக்கினால் அணைந்துவிடும். "உங்க வீட்டை ஒரு வீடுன்னு நெனைக்காதீங்க சார். கணக்குப்படி நீங்க நாப்பதாயிரம் பேருக்குச் சமம்" என்றார்.

"நாப்பதாயிரம் பேருக்கும் நான்தான் டீ போடணுமா?" என்று இவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

விளக்கு அவளுக்குத் தெரியாது. பொத்தானின் எண்ணும் தெரியாது. ஆகவே அவளுடைய பொத்தானையும் நானே அமுக்குவதென்று ஏற்பாடு. முதல் ஆறு வாரம் ஒழுங்காக அமுக்கினேன். உங்கள் பதிவிலேயே இருக்கும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு பூகோள வாத்தியார் வந்தார். நிலநடுக்கோடு பள்ளி மைதானத்துக்கு அடியில் போகிறது, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் தோண்டினால் கையில் சூடாகத் தட்டுப்படும் என்று வகுப்பில் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். பிள்ளைகள் இரண்டு நாள் தோண்டினார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏனென்றால் அதைச் சொன்னது நான்தான். எங்கள் பள்ளியில் மூன்று நாள் தோண்டினார்கள். தோண்டியவர்களில் ஒருவன் இன்று ஆழ்துளைக் கிணறு போடுகிறான், அடித்தளம் என்னுடையது.

இவள் சிரிக்கவில்லை.

"இதை எழுதுனது அவன்தான்" என்றாள்.

"எவன்?"

"எவன்னு கேக்குறதுக்கு நான் எத்தனை பேரைப் பெத்தேன்?"

எங்களுக்கு ஒரே மகன். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவன். இருபத்துமூன்று வருடம் ஆகிறது. தொடரின் முடிவில் எழுத்தாளர் பெயரைப் படித்துச் சொன்னேன். அது யாரோ ஒருவர் பெயர். "பேரை மாத்திக்கிட்டான். பேச்சை மாத்திக்கலை" என்றாள். அன்றைக்கு அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

குடும்பத்தில் யாராவது தொலைக்காட்சித் துறையில் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது உங்கள் விதி. நான் தெரிவிக்கத்தான் நினைத்தேன். "சொல்லித் தொலைச்சிடாதீங்க. பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நான் இங்கதான் இருக்கேன்னு அவனுக்குச் சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். ஆகவே விதியை முதலில் மீறியது அவள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் அவள் பெயர் கிடையாது, வெறும் எண்தான் என்று எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. தன்னுடைய பச்சை விளக்கு எரிந்தால் அவன் எழுதிக்கொண்டே இருப்பான், அவன் எழுதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் வருவான் என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஒவ்வொரு வியாழனும் ஆறே முக்காலுக்குத் தலைவாரிக்கொண்டு வந்து உட்காருவாள்.

"ரெண்டு அமுக்கினீங்களா?"

"அமுக்கியாச்சு."

இருபத்துமூன்று வருடத்தில் அவள் என்னிடம் தானாகக் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் பதினான்கு வாரத்தில் கேட்டவை.

ஆறாவது வாரம் வந்தது நோட்டுப்புத்தக அத்தியாயம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் என் வகுப்பிலேயே படித்தான். ஒருநாள் பாடப்புத்தகத்துக்குள் ஒரு நோட்டை ஒளித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தான். பிடுங்கி வகுப்புக்குப் படித்துக் காட்டினேன். அவனுடைய அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான். அவள் அழும்போது சமையலறைக் குழாயைத் திறந்துவிடுவாள், அழுகிற சத்தம் வெளியே வராது, அப்பா தண்ணீர் வீணாகிறது என்று கத்துவார். இதுதான் விஷயம். நான் குரலை மாற்றி மாற்றி, அவளுக்கு ஒரு குரல், குழாய்க்கு ஒரு குரல் என்று படித்தேன். தண்ணீர் வீணாகிற வரிக்கு நல்ல சிரிப்பு. இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், படித்தேன். எழுதுகிறவனுக்கு முதல் ரசிகர் கூட்டம் பிடித்துக்கொடுத்தது நான். அவன் அன்று மாலை வீட்டுக்கு வரவில்லை.

தொடரில் இதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்தான். நடிகர் கொஞ்சம் அவசரப்பட்டார். குழாய்க்குக் குரல் கொடுக்கவில்லை. மற்றபடி பிரமாதம்.

அத்தியாயம் முடிந்தது. இவள் என் பக்கம் திரும்பினாள். கண் தெரியாதவர்கள் திரும்பும்போது குறி கொஞ்சம் தவறும். இவளுக்குத் தவறவில்லை.

"கணக்குல ஃபெயிலாகி ஓடிட்டான்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

"கணக்கிலும் ஃபெயில்தான்" என்றேன். அது உண்மை.

"அறுபது புள்ளைங்க முன்னாடியா படிச்சீங்க?"

"அன்னிக்கு அம்பத்தெட்டு. ரெண்டு பேர் லீவு."

அதற்குப்பின் தொடர் நிற்கும்வரை வியாழக்கிழமைக் கேள்வி ஒன்றைத் தவிர அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஏழாவது வாரத்திலிருந்து உங்கள் வெற்றிடம் தொடங்குகிறது. அவள் கேட்டதும் இரண்டாம் எண்ணை அமுக்குவேன். பொத்தான் சத்தம் அவள் காதில் விழும். பிறகு கட்டைவிரலை மெத்தென்று வைத்து, சத்தமில்லாமல் மறுபடி அமுக்குவேன். பச்சை அணைந்துவிடும். என்னுடைய ஒன்றாம் எண்ணை அமுக்கவே இல்லை. அவள் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பதிவில் அறை காலி. என் ஆசிரியர் வாழ்க்கை முழுவதிலும் வகுப்பைவிட்டு நான் வெளியே அனுப்பியது அதிகம் போனால் நானூறு பேர். இங்கே ஒரே விரலில் நாற்பதாயிரம். ஏற்கெனவே மெலிந்து கிடந்த தொடர், ஒரு வீடு கை கொடுக்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தப் பெருமையைத் தயவுசெய்து என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

ஏன் செய்தேன் என்றால், தொடரின் நன்மைக்கு. அந்தப் பூகோள வாத்தியார் போல ஒரு பாத்திரம் டி.வி.யில் வந்ததில்லை. யாருக்கும் பணியாத மனிதர். ஏழாவது வாரத்திலிருந்து கதை போகிற போக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தனியாக உட்காரவைத்து, ஜன்னலை வெறிக்கவைத்து, மெல்லிய வயலின் வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவரை மன்னிப்புக் கேட்க வைப்பான். ஒரு நல்ல பாத்திரத்தை அப்படிக் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு ரசிகன் சும்மா இருக்க முடியாது.

பத்தாவது வாரம் அவள் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள், தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று. வெளியாளுக்கு எதற்குச் சிரமம், நானே எழுதுகிறேன் என்றேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, திரும்பப் படித்தும் காட்டினேன். 'அம்மா நல்லா இருக்கேன், கண்ணுதான் இல்லை, வா' என்பது சாரம். உறையில் போட்டு ஒட்டி, என் உலக வரைபடப் புத்தகத்தில் பசிபிக் பெருங்கடல் பக்கத்தில் வைத்தேன். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது.

பதில் வராவிட்டாலும் அவன் எழுதியது வாராவாரம் வந்துகொண்டிருந்தது. பதிமூன்றாவது வாரம் ஓடிப்போன பையன் சிநேகிதனிடம், "அம்மா இருக்காங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாதுடா" என்கிறான். இவள் டி.வி.யைப் பார்த்து, "இருக்கேன்டா" என்றாள். பதினான்காவது வாரம் அவன் ஊருக்குப் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறான். பஸ் புறப்படுவதோடு நிறுத்தியிருந்தார்கள். மறுவாரம் வாசலுக்கு வருவான்.

மறுவாரம் அந்த நேரத்தில் வினாடி வினா வந்தது.

"ஏன் போடலை?"

"பாக்க ஆள் இல்லையாம். நிறுத்திட்டாங்க."

அவள் யோசித்தாள். "பதினொண்ணாவது வாரம் நான் நடுவுல கண்ணசந்துட்டேன். அதனாலயா?"

"இருக்கலாம்" என்றேன். ஆசிரியர் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது.

அன்றிலிருந்து வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவள் நாற்காலியில் முதுகு சாய்வதில்லை. வினாடி வினாவைக் கண் கொட்டாமல் பார்க்கிறாள். இப்போது நான் இரண்டாம் எண்ணை ஒழுங்காக அமுக்குகிறேன். அந்த நிகழ்ச்சிக்கு உங்கள் கணக்கில் நாற்பதாயிரம் பேர் கூடியிருப்பார்கள். பெட்டியை எடுத்துச் செல்வதென்றால் எடுத்துச் செல்லுங்கள். அவளிடம் மட்டும் பழுது பார்க்கக் கொண்டுபோவதாகச் சொல்லுங்கள். இந்தத் தாளை இங்கே வைத்துச் சத்தமாகப் படிக்க வேண்டாம். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

தொடர் நின்றது ஐப்பசியா கார்த்திகையா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நின்ற மூன்றாவது வியாழக்கிழமை நடந்ததையும் எழுதினால்தான் காரணம் முழுமையாகும். அன்று மாலை எதிர் நடைபாதையில் ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரமாக எங்கள் வாசலைப் பார்த்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது. நிற்கும்போது இடது காலை வலது காலின் மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை. ஏழு மணிக்குத் தெருவைக் கடந்தான். வினாடி வினாவில் கைதட்டல் பலமாகத்தான் இருக்கும். ஆனாலும் டி.வி. சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டு, வெளியே வந்து கதவை எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டேன்.

"நான்தாம்பா" என்றான்.

"தெரியுது."

"தொடர் நின்னுபோச்சு. அதுல சொல்லி முடிக்கலாம்னு இருந்தேன். முடியலை. அதான் நேர்லயே வந்தேன்." பிறகு என் தோளுக்குமேல் கதவைப் பார்த்து, "அம்மா?" என்றான்.

"போன வருஷமே போயிட்டா" என்றேன்.

குரல் பிசிறவில்லை. வயலின் கிடையாது, ஜன்னல் கிடையாது, மன்னிப்பு கிடையாது. பதினைந்தாம் பகுதி எப்படி இருக்க வேண்டுமென்று நான் நினைத்தேனோ அப்படி இருந்தது. அவன் கையை நீட்டிக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

உள்ளே வந்தேன்.

"யாரு?" என்றாள்.

"பொட்டிக்காரங்க."

"ரெண்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். செய்யுதாம்."

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருமுனையில் அவன் ஒருமுறை நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தான். வாத்தியார் பாத்திரம் பிரமாதம் என்று சொல்லத்தான் திரும்பியிருப்பான். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், சொல்லாமல் போய்விட்டான்.