இரைச்சல் நீக்கிய பதிவு

கணினி மெதுவானால் பலர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, சார். பொறுமையாகக் காரணம் தேடுகிறவன் நான்.

அன்றும் அதைத்தான் செய்தேன். ‘செவி கொடுப்போம்’ என்ற என் ஒலித்தொடரின் நிறைவுப் பகுதியைப் பதிவு செய்ய உட்கார்ந்திருந்தேன். கேட்கத் தெரியாத சமூகத்துக்குக் கேட்கக் கற்றுத்தருவது என் தொழில். விருதுகூட வாங்கியிருக்கிறேன், கூடத்தில் படம் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆனால் மைக்கில் பேசியது ஹெட்போனில் தாமதமாக வந்தது. நடுநடுவே பொரிந்தது. என் குரல் எனக்கே கந்தலாகக் கேட்டது.

பக்கத்து அறையில் அண்ணன். பக்கவாதம், வலது கை மட்டும் அசையும். படுக்கையோரம் இருக்கும் பொத்தானை அழுத்தினால், வைஃபை வழியாக என் கணினியில் மணி அடிக்கும். வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. “ஊருக்கே காது குத்துறியே மைக்கு, நான் தண்ணி கேட்டது விழுந்துச்சா?” என்று குழறுவார். ‘மைக்கு’ அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி கிளம்பும்போது சொன்னார்: “மருந்து வாங்கிட்டு ஓடியாந்துடறேன் தம்பி. மணி அடிச்சா உடனே போய்த் தூக்கி உக்கார வச்சு, குழாயில சளிய எடுத்துடுங்க. அடைச்சா அவரால கத்தக்கூட முடியாது.”

“நான் பாத்துக்க மாட்டேனா அண்ணி.”

தாமதத்துக்கு வருகிறேன். பின்னணியில் ஓடுவதை ஒவ்வொன்றாக நிறுத்தி, பேசிப் பார்க்க வேண்டும். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன், பொரிந்தது. பிரிண்டரைக் கழற்றினேன், பொரிந்தது. வைஃபையை அணைத்தேன், குரல் வெண்ணெயாக வழுக்கி வந்தது. உறுதி செய்துகொள்ள மறுபடி போட்டேன். பொரிந்தது. அணைத்தேன். நோய் அகப்பட்டுவிட்டது. மணியும் அதில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பகுதி பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

‘பிறர் பேசும்போது குறுக்கிடாதீர்கள்’ என்ற இடத்தில், டொக் டொக் என்று பதிவில் விழுந்தது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வருகிறதென்றால் கோளாறு கணினியில் இல்லை. சுவரில். அண்ணனின் வலது கைப்பக்கச் சுவர்.

எழுந்திருந்தால் முதலிலிருந்து பேச வேண்டும். அந்தக் குழைவு மறுபடி அமையாது. தட்டல் விட்டுவிட்டு வந்தது. பிறகு நகத்தால் சுரண்டுவது போல. பிறகு இல்லை. நன்றி கூறி முடித்தேன். அப்புறம் தட்டல்களைத் தேடித் தேடிப் பதிவிலிருந்து அழித்தேன். நுணுக்கமான வேலை, சார்.

வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் வைஃபையைப் போட்டேன். மணி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. அண்ணன் அழுத்தியதெல்லாம் வரிசையில் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக இப்போது வந்துகொண்டிருந்தது. அண்ணி செருப்போடு ஓடினார்.

“வந்துட்டேங்க, இதோ வந்துட்டேன்.”

அவர் அறைக்குள் போன பிறகும் அடித்தது.

“உங்களுக்குக் கேக்கலையா தம்பி?” என்று அப்புறம் கேட்டார். “சிஸ்டம் ஸ்லோ அண்ணி” என்றேன்.

அது பொய், திருத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு தட்டலையும் கடைசிவரை கேட்டேன். கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். கேட்கத் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.