கூடத்தில் இருந்தவர்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் வசதியாக உட்காரலாம். அன்று ஏழு பேர் இருந்தோம். நான். என் மகன். என் மருமகள். தன் மனைவி இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்ட மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த என் தங்கை. கம்ப்யூட்டர் டெக்னீஷியன். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர்.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்வது என் தொழில் பழக்கம். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சொல்லின் எடை, அது யார் முன்னால் சொல்லப்பட்டது என்பதில் இருக்கிறது. அறைக்குள் இரண்டு பேர் இருக்கும்போது சொன்னால் அது பேச்சு. நாலு பேர் முன்னால் சொன்னால் அது அவதூறு.

கம்ப்யூட்டர் சம்பந்தியுடையது. அதில் வைரஸ் வந்ததற்குக் காரணம் நான் என்பதை மறைக்கவில்லை. மின்னஞ்சல் பார்க்க அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருநாள், ‘உங்கள் பரம்பரையின் பெருமையை அறிய இங்கே அழுத்தவும்’ என்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரோ தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுதப்பட வேண்டிய குடும்பம்தான். அழுத்தினேன்.

டெக்னீஷியன் அந்த வரியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பிறகு விளக்கினார். விண்டோஸ் அவ்வப்போது தன்னையே ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்ளுமாம். நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் அந்த நாளுக்குத் திரும்பிப் போகலாம். அதற்கு ரீஸ்டோர் பாயிண்ட் என்று பெயர். பிரதி எடுத்த நாளில் வைரஸ் உள்ளே இருந்ததால், அதையும் சேர்த்துப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டது. ஆன்டிவைரஸுக்கு அது கண்ணில் படுகிறது, ஆனால் அந்தப் பூட்டுக்குள் கை வைக்க அதற்கு அனுமதி இல்லை. வெளியில் எவ்வளவு துடைத்தாலும், பழைய பிரதிக்குப் போகிற அன்று வைரஸும் எழுந்து வந்துவிடும்.

அப்போதுதான் சம்பந்தி சொன்னார்.

“அப்ப வெளியில தேடிப் பிரயோஜனம் இல்லப்பா. அது வீட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கு. தொடைக்கவும் முடியாது, துரத்தவும் முடியாது.”

சொல்லிவிட்டு என் நாற்காலியைப் பார்த்தார்.

போஸ்ட்மாஸ்டர் முதலில் சிரித்தார். என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். டெக்னீஷியன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. “அப்பா, சும்மா இருங்க” என்றாள் மருமகள், சிரிப்பை அடக்க முடியாமல். என் மகனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால், அதற்காக இன்னொரு முறை சிரித்திருப்பார்கள்.

பிறகு டெக்னீஷியன் செய்ததை நான் கவனமாகப் பார்த்தேன். முதலில் சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினார். நிறுத்தியதும் பழைய பிரதிகள் எல்லாம் போய்விட்டன. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ஆன்டிவைரஸை மறுபடி ஓடவிட்டு மிச்சம் இருந்ததையும் எடுத்தார். ரீஸ்டோரைத் திரும்பப் போட்டு, அன்றைய நிலையில் புதிதாக ஒரு பிரதி வைத்து, அதற்குச் ‘சுத்தம்’ என்று பெயர் கொடுத்தார். இவ்வளவு நேரமும் சம்பந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

“அவ குரல் போயிடாதே தம்பி?”

“அதைத் தொடவே மாட்டேன் சார். இந்தப் புதுப் பாயிண்ட்லயும் அது இருக்கும். தப்பித்தவறி யாராவது அழிச்சாக்கூட இதுலேருந்து எடுத்துடலாம்.”

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தியின் மனைவி டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும், இனி பேச முடியாது என்று தெரிந்து, வழக்கமாகப் பேசுவதை எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசி வைத்தார். உபதேசம் எதுவும் இல்லை. விளக்கை அணைத்தீர்களா, சட்டையைத் துவைக்கப் போட்டீர்களா, இவைதான். காலையில் சம்பந்தி முதலில் போட்டுக் கேட்கும் பதிவு ஒன்று உண்டு. “மாத்திரை போட்டாச்சா? போடலைன்னா பொய் சொல்லாதீங்க, எனக்குத் தெரியும்.” “போட்டுட்டேன்மா” என்று இவர் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எடுத்துப் போட்டுக்கொள்வார். இருதயத்துக்கான மாத்திரை.

மருமகளிடம் பிரதி இல்லை. கேட்டால் அழுகை வருகிறது என்று அவள் வைத்துக்கொள்ளவில்லை. சம்பந்தியிடம் ஒரு பென் டிரைவில் இருந்தது. அதிலும் வைரஸ் ஏறியிருந்ததால் டெக்னீஷியன் அதைத் துடைத்துக் கொடுத்து, பிறகு ஒரு காப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

என் மனைவியின் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை.

மறுநாள் காலை சம்பந்தி சமையலறைக்கு வந்தார். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“சம்பந்தி, நேத்து வாய் தவறிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன்.

சமையலறையில் அப்போது எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. அவமானம் கூடத்தில் நடந்தது. மன்னிப்பு சமையலறையில். இது செல்லாது. கூடத்தில் இருந்த ஏழு பேரையும் கூட்டி வைத்து அவர் இதையே சொல்லியிருந்தால், இன்று இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. நான் காத்திருந்தேன். என் தங்கை அவள் வீட்டுக்குப் போனாள், போய் அவள் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். போஸ்ட்மாஸ்டர் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், “என்ன சார், வைரஸ் எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டார். சம்பந்திக்கு அது மறந்தேபோய்விட்டது.

டெக்னீஷியனின் கடைக்குப் போனேன். மறுபடி வைரஸ் வந்தால் உங்களுக்குச் சிரமம் தராமல் நானே எடுத்துவிடுகிறேன், சொல்லிக்கொடுங்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நாற்காலி போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அழித்தது எல்லாம் உண்மையில் போய்விடுமா என்று கேட்டேன். போகாது சார், அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை அடியில் இருக்கும், எங்களைப் போன்றவர்கள் தோண்டி எடுத்துவிடுவோம் என்றார். “இந்த வயசுல இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்கிட்டீங்களே சார்” என்று பாராட்டினார். அந்தப் பாராட்டும் ஒரு மூடிய கடைக்குள்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு மாலை சம்பந்தி அந்தப் பென் டிரைவை என்னிடம் நீட்டினார். “நீங்கதான் இப்ப கம்ப்யூட்டர்ல புலி ஆயிட்டீங்களே. எனக்குக் கை நடுங்குது. அவளோடதை மட்டும் இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க சம்பந்தி.”

மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். “போட்டாச்சு” என்றேன். அதை அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்தது. பென் டிரைவில் ஒன்றும் இல்லை.

இருதயப் பரிசோதனைக்காக மகனும் மருமகளும் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன பகல் ஒன்று. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் இருந்துவிட்டேன். குரல்கள் இருந்த ஃபோல்டரை அழித்தேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினேன். ‘பழைய பிரதிகள் அனைத்தும் நீக்கப்படும், நிச்சயமா?’ என்று கேட்டது. நிச்சயம்தான். காலியாக இருந்த இடம் முழுவதும் என் மகனின் கல்யாண வீடியோவைத் திரும்பத் திரும்பக் காப்பி செய்து நிரப்பினேன். நிரம்பியதும் அவற்றை எடுத்துவிட்டேன். அந்த வீடியோவில் அவர் மனைவி வருகிறார், ஆனால் பேசவில்லை. மேளச் சத்தம்தான் கேட்கிறது. பிறகு ரீஸ்டோரைப் போட்டு ஒரு புதுப் பிரதி வைத்தேன். அதற்கும் ‘சுத்தம்’ என்றே பெயர் கொடுத்தேன். மேஜையைத் துடைத்தேன். அவர்கள் வந்தபோது டீ தயாராக இருந்தது.

மறுநாள் காலை குரல் வரவில்லை. சம்பந்தி முதலில் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் சொருகினார். அது திறந்தது. காலியாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போட்டேனே சம்பந்தி. வைரஸ் அதையும் தின்னுடுச்சு போல” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “நீங்க என்ன பண்ணுவீங்க. உங்க தப்பா இது.”

டெக்னீஷியன் வந்து மாலைவரை தோண்டினார். ‘சுத்தம்’ இருந்தது, அதற்குள் குரல் இல்லை. தான் வைத்த பிரதிதான் அது என்று நினைத்துக்கொண்டார். பெயரைப் பார்த்தவர் தேதியைப் பார்க்கவில்லை. நீதிமன்றத்திலும் பலர் அப்படித்தான். கடைசியில், “நான்தான் எங்கேயோ மிச்சம் விட்டுட்டேன் சார்” என்று அவராகவே சொன்னார். அன்று அவர் முகம் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகனும் மருமகளும் காலையில் சீக்கிரமே வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். சம்பந்தி அதே நேரத்துக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அதைப் போடமாட்டார். மாத்திரைப் பெட்டி பக்கத்திலேயே இருக்கும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். மாத்திரை பெட்டியிலேயே இருக்கும். நான் எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் மருமகள் போன் செய்து, “மாமா, அப்பா மாத்திரை போட்டாரா?” என்று கேட்டால், “அவரையே கேளம்மா” என்று போனை அவரிடம் கொடுத்துவிடுவேன். போட்டுட்டேன்மா என்பார். அந்த வார்த்தை அவருக்குப் பழகிப்போனது.

அந்தம்மா சொல்வதைப் பல காலைகள் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பதெல்லாம் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது இன்னொருவர் மனைவியின் வார்த்தை. அதை நான் எடுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது.

மழைக்காலம் தொடங்கும் முன்பே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டாக்டர் மருமகளிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். அவள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்று கூடத்தில் அதே ஆட்கள் இருந்தார்கள். என் மகன், மருமகள், தங்கை, போஸ்ட்மாஸ்டர். டெக்னீஷியன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவரும் ஒருவிதத்தில் எல்லோர் முன்னிலையிலும் தலை தாழ்த்தித்தான் கிடந்தார். எனக்கு அது போதும். யார் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை.

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். வைரஸ் திரும்பி வந்து அந்தக் குரலைத் தின்றுவிட்டது, டெக்னீஷியன் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று போஸ்ட்மாஸ்டர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைக்கு இப்போது யாரும் போவதில்லை. ஒழுங்காக வேலை செய்தவரின் பெயர் கெடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் அது வழக்கமும் இல்லை.

ஆகவே சொல்கிறேன். அந்தப் பேச்சு தவறு. கம்ப்யூட்டரில் வைரஸ் எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அன்று பகல் வீட்டுக்குள் இருந்தது நான் மட்டும்தான்.