நூற்றில் முள் எங்கே

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்தான் நான். ஆனாலும் எண்களை வாசிப்பதில் பிழை விடமாட்டேன். அப்பாவின் பட்டறையில் என் வேலையே அதுதான், சார்.

கியர் பெட்டி மாற்றிய எந்த வண்டியையும் அப்பா ஓட்டிப் பார்க்காமல் கொடுத்ததில்லை. கோதுமைக் கிடங்கைத் தாண்டினால் சாலை வளைவே இல்லாமல் நேராகப் போகும். அங்கே வேகம் நூற்றைத் தொட்டதும் நான் “நூறு” என்பேன். அவர் ஆக்சிலேட்டரில் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு “முள் எங்கே?” என்பார். என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள். அவருக்குத் தூரத்தில் நிற்கும் மான் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் மங்கல். கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்கள் என்று போடமாட்டார். பட்டறை இரைச்சலில் காதும் பாதி போய்விட்டது. அதனால் அவர் கண்ணும் காதும் நான்தான். மற்றவர்களிடம் பேச எனக்கு வராது. அப்பாவிடம் எண்ணைச் சொன்னால் போதும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது யாராவது ஒருத்தி வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. அக்கா லெசியாவுக்குப் படிப்பு வரும். நான் வகுப்பில் வாயே திறக்காதவள். நான் நின்றுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மாலையில் லெசியா வேலையிலிருந்து வந்ததும் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்போம். போர்வையின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டு முனையை நான் பிடிப்பேன். “ம், தூக்குடி சோம்பேறி” என்பாள். அந்த நேரத்தில் மட்டும் அம்மாவின் வாயோரம் கொஞ்சம் அசையும்.

பிறகு கர்ட் வந்தான். நல்லவன். தூரத்திலிருக்கும் கால்கரி நகரத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், லெசியாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடப்போவதாகவும் சொன்னான். ஜனவரியில் அவன் வேனின் கியர் பெட்டி போயிற்று. அப்பா பழைய வண்டிகள் உடைக்கும் இடத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மாப்பிள்ளைக்கு என்று கூலியும் வாங்கவில்லை.

ஓட்டிப் பார்க்கப் போனபோது கர்ட் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

“என்ன டாக்டரம்மா, நாடி எப்படி இருக்கு? பொழைக்குமா?” என்றான்.

நான் “நூறு” என்றேன்.

“முள் எங்கே?” என்றார் அப்பா.

மேல் கியர் சரியாகப் பிடித்தால் அந்த வேனில் முள் இரண்டாயிரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அது இரண்டாயிரத்து எழுநூற்றுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. கியர் உள்ளே வழுக்குகிறது என்று அர்த்தம். எண்ணெய் கொதிக்கும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படி ஓடினால் பெட்டி வெந்துபோகும். இதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

“ரெண்டாயிரம்பா. அசையல.”

“சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கிற மாதிரி இருக்கேம்மா?”

“ஹீட்டர் சத்தம்பா.”

“அப்ப சரி” என்று வண்டியைத் திருப்பினார். என் தோளைத் தட்டினார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பயணம் தள்ளிப்போயிருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். தள்ளிப்போயிருக்கும். வேறு பெட்டி வர ஒரு வாரம். அதன் பிறகு அது நன்றாக ஓடி அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வழியில் நின்று, கொஞ்சம் பயந்தால், தானாகவே திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பயம்தான்.

பனியில் மாட்டிக்கொண்டால் விறைத்துப்போகாமல் இருக்க, குளிர்காலத்தில் இங்கே எல்லார் வண்டியிலும் ஒரு பெட்டி இருக்கும். மெழுகுவர்த்தி, தகர டப்பா, கம்பளி, சாக்லேட். கர்ட் வேனிலும் இருந்தது. பட்டறை அலமாரியில் அது எப்படி வந்தது என்று அப்பாவிடம் கேட்டீர்கள். அவருக்குத் தெரியாது. லெசியாவின் தையல் மெஷினுக்கு இடம் வேண்டியிருந்தது, நான்தான் எடுத்து வைத்தேன். மெஷினை மடியிலும் வைத்துக்கொண்டிருக்கலாம், அது உண்மைதான். கதகதப்பாக இருந்தால் பயம் வராது.

கிளம்பும்போது லெசியா என்னைக் கட்டிக்கொண்டாள். “அழாதடி லூசு. ஈஸ்டருக்கு வந்துடுவேன்” என்றாள். நான் அழவில்லை. “பெரிய ரோடு சுத்து. ஜல்லி ரோட்லதான் போறோம்” என்று கர்ட் என்னிடம்தான் சொன்னான். அப்பா அப்போது அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

இருட்டியதும் கர்ட்டின் அம்மா போன் செய்தார். “இன்னும் வந்து சேரலையேம்மா, எந்த ரோட்ல போனாங்க?” என்று கேட்டார். பெரிய ரோடு என்றேன். உங்கள் போலீஸ் ஆட்கள் அங்கே தேடினார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிடும். கால்கரிக்குப் போய் எல்லாரிடமும் சிரித்துச் சொல்வாள். அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் பனி தள்ளும் வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். உதவி தேடி நடந்துபோன கர்ட் வயல் வேலியோரம் விறைத்துச் செத்துக் கிடந்தான். வேனுக்குள் லெசியாவுக்கு உயிர் இருந்தது. குளிரில் கருகிப்போன இரண்டு பாதங்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அவனுக்காக வருத்தப்படுகிறேன். அவன் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அப்பா பட்டறையைத் திறக்கவில்லை. “நான் மாட்டின பெட்டி. நான்தான் கொன்னேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவரை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள். அவர் மாட்டியதில் குற்றமில்லை. பழைய பெட்டி சில சமயம் அப்படித்தான் வரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நூற்றில் வைத்துப் பார்ப்பது. அவர் கேட்டார். நான் தெரிந்தே பொய் சொன்னேன். மெழுகுவர்த்திப் பெட்டியை எடுத்ததும், ரோட்டை மாற்றிச் சொன்னதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பேரையும் நான்தான் பார்க்கிறேன். காலையில் அம்மா, பிறகு லெசியா, பிறகு மறுபடி அம்மா. முதுகு விட்டுப்போகிறது. முதல் வாரங்களில் லெசியா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். நேற்று தலை வாரிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா நான் என்னடி ஆயிருப்பேன்?” என்றாள்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், சார். பக்கத்து அறையில் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். நான் போனால் அவளை ஏதாவது ஒரு பராமரிப்பு விடுதியில் சேர்ப்பீர்கள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் அவளைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். வலிக்குமே என்று பார்க்கமாட்டார்கள். அவளுக்கு ஒரு சின்னக் கஷ்டம் என்றாலும் எனக்குத் தாங்காது.