காக்கா எறங்காத தெவசம்

செத்துப்போன தாத்தாவுக்கு நான் பெங்களூர் போறது புடிக்கலியாம்க்கா. யாரு சொன்னா? காக்கா சொல்லுச்சாம். அதுவும் வாயத் தொறந்து சொல்லல, வச்ச சோத்த எடுக்கல, அவ்ளோதான். அத வச்சி எங்க பெரியப்பா தேவநாதன் தீர்ப்பு சொல்லிட்டாரு. எங்கப்பாவும் பூம்பூம் மாடு மாரி தலைய ஆட்டிட்டாரு.

அய்ய, மூக்க மூடிக்கிட்டீங்களே. பஸ்ஸு குடிகாடு தாண்டுனா போயிடும்க்கா, கெமிக்கல் கம்பெனி நாத்தம்தான். நாங்க இங்கயே பொறந்தவங்க, எங்களுக்கு அது தெரியவே தெரியாது. எந்நேரமும் வர்ற வாசனைய மூக்கு சட்ட பண்றத விட்டுடும். எங்க வீட்ல பெரியப்பா பேச்சும் அப்படித்தான் ஆயிப்போச்சி. தப்புன்னே யாருக்கும் ஒறைக்கிறதில்ல.

இன்னிக்கி தாத்தா தெவசம். படைச்சி முடிச்சி, மொட்டமாடில எலய வச்சி, கா கான்னு கூப்ட்டாச்சி. காக்கா எடுத்தாத்தான் மத்தவங்க வாயில சோறு. வந்துச்சிங்க, வராம இல்ல. கூட்டமா தென்னமரத்துல குந்திக்கினு கத்துன கத்துல தெருவே வந்து எட்டிப் பாத்துச்சி. ஒண்ணுகூட எறங்கல. சோறு காயுது, பெரியப்பாவுக்கு சக்கர எறங்குது. "இளமதிய தனியா அவ்ளோ தூரம் அனுப்புறது அப்பாவுக்கு இஷ்டமில்லடா"ன்னுட்டாரு. ஆராய்ச்சிப் படிப்புக்கு எடம் கெடச்சிருக்குக்கா. வரேனா வரலியான்னு இன்னிக்கி சாய்ந்தரத்துக்குள்ள சொல்லியாவணும். வரலன்னு சொல்லிடுன்றாரு அப்பா. அதான் சிதம்பரத்துல எங்க மேடத்த பாத்து சொல்லப் போறேன், வெறும் வயித்தோட.

நான் படிக்கிறது விலங்கியல். பிராணிங்களுக்கு கண்ணு, காது, மூக்கு எப்படி வேல செய்யிதுங்கறதுதான் என் பாடமே. இந்த மனுஷன் எனக்கு சொல்லித் தராரு. மகுடி ஊதுனா பாம்பு ஆடுமாம். பாம்புக்கு வெளிக்காது கெடையாது பெரியப்பா, ஊதுறவன் மகுடிய ஆட்டுறான்ல, அதத்தான் அது பாத்துக்கினு இருக்கு, தரையில வர்ற அதிர்வுதான் அதுக்கு ஜாஸ்தி தெரியும்னு சொன்னா, "நீ என்னா பாம்பா"ங்கறாரு. மாட்டுக்கு செவப்பு ஆவாதாம். அதுக்கு செவப்பு நம்ம மாரி தெரியவே தெரியாது, துணி ஆடுறதுலதான் மெரளுதுன்னா, "அப்ப நீ செவப்பு பொடவ கட்டிக்கினு போயி முன்னால நில்லு"ங்கறாரு. நாயி ஊளையிட்டா எமன் வரானாம். அது மூக்குக்கு அடுத்த தெருவுல போற பெட்ட நாயி தெரியிது. எமன் என்னாத்துக்கு வரான் நடுவுல?

காக்காவ பத்தி இவருக்கு என்னா தெரியும்? அது மனுஷன் மூஞ்சிய ஞாபகம் வச்சிக்கும்க்கா. முகமூடி மாட்டிக்கினு போயி காக்காவ புடிச்சி, திருப்பி உட்டு சோதிச்சே பாத்திருக்காங்க. வருஷக்கணக்கா அந்த மூஞ்சிய மறக்கல. மத்த காக்காங்களும் அது கத்துறத பாத்து, ஓ இவன்தான் ஆகாதவன்னு தெரிஞ்சிக்கிச்சாம். நம்மள ஒரு காக்காவயும் இன்னொரு காக்காவயும் பிரிச்சி சொல்ல சொல்லுங்க பாப்போம்.

அவ்ளோ எதுக்கு, நானே சாட்சி. போன மாசம் எங்க மாடில தண்ணி டேங்க் பக்கத்துல, கம்பியும் குச்சியுமா கூடு கட்ட ஆரம்பிச்சிதுங்க. காயப்போட்ட சுடிதாரெல்லாம் எச்சம். தொடப்பத்தால தள்ளி உட்டேன். அன்னிலேர்ந்து தெருவுல எத்தினி பேரு போனாலும் என் தலயதான் கொத்த வருது. துணி மாத்துனாலும் கண்டுபுடிக்கிது. ஹெல்மெட் போட்டாத்தான் உடுது. எப்பேர்ப்பட்ட கண்ணு பாருங்க. அத போயி தாத்தா, இஷ்டம், கஷ்டம்னுக்கினு...

என்னாது? சோத்த மாடிக்கு எடுத்துக்கினு போனது யாரா? நான்தான். அம்மா வடை சுட்டுக்கினு இருந்தாங்க. பக்கத்துலயே நின்னு கூப்ட்டதும் நான்தான். ஏன் கேக்குறீங்க?

...

ச்ச. அதெல்லாம் இருக்காதுக்கா.

இருக்கும்.

இருங்க, அம்மா கூப்புடுறாங்க. சொல்லும்மா... எப்ப? நான் தெருமொன தாண்டுன ஒடனேவா... அத்தினியும் எறங்கிடுச்சா. எலயயும் கிழிச்சிடுச்சா... பெரியப்பா என்னா சொன்னாரு? மறுபடி சொல்லு... அப்பாவுமா... சரி. சரி, வச்சிடு.

நான் வீட்ட உட்டு கெளம்பட்டும்னுதான் தாத்தா காத்துக்கினு இருந்தாராம்க்கா. நான் வெளியூரு போறதுதான் அவரு இஷ்டமாம். பெரியப்பாவே சொல்லிட்டாரு. வரேன்னு சொல்லிட சொல்றாரு அப்பா.

எங்கக்கா எழுந்துட்டீங்க, இது ஆலப்பாக்கம்தான? சிதம்பரம்னு சொன்னீங்க, என் பேச்சு தாங்காமயா இங்கயே எறங்குறீங்க? சிரிக்காதீங்க. காக்கா கூட்ட தள்ளி உட்டத வீட்ல சொல்லியாச்சான்னா... சொல்லல. சொல்லவும் மாட்டேன். பெரியவரு வாயத் தொறந்து சொல்லிட்டாரு, அதுக்கு மேல நாம என்னாக்கா பேசறது.